புரானாபூல்: நான் எழுதிய ஒரு பரிந்துரை

“பாலத்தின் மேலுள்ள காய்கறிக் கடைகளை அகற்ற வேண்டும்.” ஆய்வறிக்கையில் நான் எழுதிய வரி இது. சரியாகத்தான் எழுதினேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அங்கே கீரை விற்கும் அம்மா கேட்டது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஐதராபாத்தின் புரானாபூல் பாலம் சார்மினாரைவிட மூத்தது. கோல்கொண்டா சுல்தான் இப்ராகிம் குலி குதுப் ஷா காலத்தில், 1578-இல், மூசி ஆற்றின் மேல் 22 வளைவுகளோடு எழும்பியது. 1820 வெள்ளத்தில் பழுதாகி, நிஜாம் சிக்கந்தர் ஜா காலத்தில் செப்பனிடப்பட்டது. 1908 வெள்ளத்திலும் அடிபட்டது. இத்தனைக்கும் தாங்கிய பாலத்தை நூறு காய்கறிக் கூடைகளின் பாரம் ஒன்றும் செய்யாது. கவலை தண்ணீரைப் பற்றித்தான். மேலிருந்து இறங்கும் நீர், வளைவுகளுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள உள்நிரப்பில் ஊறி, சுண்ணாம்புக் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். மேல்தளத்து நீர் வெளியேறுவதற்கான ஒரு வடிதுளையில் விரலை விட்டேன். அழுகிய கோஸ் இலையும் சணல் நாரும் சேறாக அடைத்திருந்தன. அதற்கு நேர் கீழே வளைவின் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று.

நிமிர்ந்தபோதுதான் அந்த அம்மா தெலுங்கில் கேட்டார். “நாங்க எழுந்து போயிட்டா இங்க என்ன சார் வரும்? ஆட்டோ வரும், வேன் வரும். நாங்க உக்காந்திருக்கறதாலதானே வராம இருக்கு?”

“தடுப்புக் கம்பி போடுவாங்கம்மா.”

“போட்ட கம்பியைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்?”

வண்டிகளின் அதிர்வு கூடைகளின் பாரத்தைப் போன்றதல்ல என்பது எனக்குத் தெரியாததா? வடிதுளைகளைச் சுத்தமாக வைத்து, மேல்தளத்தில் நீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் கடைகள் தாராளமாக இருக்கலாம். ஆனால் அதை விடாமல் யார் செய்வார்கள்? புதுப்பிக்கக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. கல் இடுக்குகளை சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று சொன்னவர்களோடு, ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே பொரிந்துவிடும் என்று வாதாடித்தான் அதைத் தடுத்தேன். இவர்களை நம்பி வேறு எதை எழுத முடியும்?

அப்படியும் சமாதானமாகவில்லை. நாள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு கல் பெயர்ந்தால் உடனே யாராவது சத்தம் போடுவார்கள். காலி செய்த பாலத்தை யார் கவனிப்பார்கள்?

அறிக்கை இன்னும் மேலிடத்தில்தான் இருக்கிறது. திருத்தம் அனுப்ப வழி உண்டு. “கடைகள் இருக்கட்டும், வடிதுளைகளை மாதாமாதம் சுத்தம் செய்யுங்கள்” என்று எழுதினால், முதல் பாதியை மட்டும் நிறைவேற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.