கறுப்புப் பைன்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குழாய்

2008 மார்ச்சில் வேலை விஷயமாக ஆறு வாரம் டப்ளினில் இருந்தேன். சாயங்காலம் ஆனால் அலுவலகத்துக்காரர்கள் ஏதாவது ஒரு பப்புக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தெரு மாறும், பப் மாறும், சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்கள் மாறும். கவுன்டரில் வரிசையாக நிற்கும் குழாய்கள் மட்டும் எங்கே போனாலும் அதேதான்: கின்னஸ், ஸ்மித்திக்ஸ், ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க், பட்வைசர். ஒருநாள், "இந்த ஊர்லயே யாராவது காய்ச்சுற பியர் கிடைக்குமா?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு கின்னஸ் குழாயைத் தொட்டுக் காட்டினார். "இது இந்த ஊர்தாங்க. இங்கேருந்து நடந்தே போயிடலாம்."

அவர் சொன்னது உண்மைதான். 1759 டிசம்பர் 31 அன்று ஆர்தர் கின்னஸ் வருஷத்துக்கு 45 பவுன் வாடகை பேசி, 9,000 ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்ட செயின்ட் ஜேம்ஸ் கேட்டில்தான் இன்றைக்கும் அது காய்ச்சப்படுகிறது. எனக்கு அந்தப் பியர் பிடிக்கும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசி ஊற்றி, அப்படியே கவுன்டரில் வைத்துவிடுவார்கள். பழுப்பு நுரை கீழே இறங்குவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு அடியிலிருந்து மெதுவாகத் தெளிந்து மேலே வரும். அதற்குப் பிறகுதான் மீதி கால்வாசி. இரண்டு நிமிஷம் பிடிக்கும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்தப் பால்போன்ற நுரைக்குக் காரணம் நைட்ரஜன். 1959-இல் மைக்கேல் ஆஷ் என்ற கணித அறிஞர் கின்னஸ் கம்பெனிக்குள் இருந்தபடி கண்டுபிடித்த முறை அது. ஐரிஷ் மரபு என்று உலகமே நம்பும் அந்த வழவழப்புக்கு அவ்வளவுதான் வயது.

ஆனால் அந்த ஆறு வாரத்தில் ஒரு ராத்திரி டெம்பிள் பார் என்ற பகுதியில் இருந்த போர்ட்டர்ஹவுஸுக்குப் போனேன். ஆலிவர் ஹியூஸ், லியம் லஹார்ட் இருவரும் 1996-இல் அங்கே திறந்த பப். தங்கள் பியரைத் தாங்களே காய்ச்சினார்கள். டப்ளின் நடுவில் பப் நடத்திக்கொண்டு கின்னஸ் விற்காமல் இருந்தார்கள். அவர்களுடைய பிளெய்ன் போர்ட்டர் என்ற கறுப்புப் பியரை ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காபிக் கொட்டை வறுக்கும் கடை வாசலைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் அந்தக் கருகல் வாசனை, அதற்குப் பின்னால் உலர்ந்த கசப்பு. அடுத்து இன்னொரு கறுப்புப் பியர், ஆய்ஸ்டர் ஸ்டவுட் வாங்கினேன். காய்ச்சும்போது நிஜமாகவே சிப்பிகளை உடைத்துப் போடுகிறார்கள். உப்பு நாக்கில் தெரிந்ததா, தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா என்று அன்றைக்கு எனக்கும் என் நண்பனுக்கும் பெரிய வாக்குவாதம். கறுப்புப் பியர் என்றால் ஒரே ருசிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது உடைந்த இடம் அந்த மேஜை.

அந்த நண்பன் அப்புறம் டப்ளினிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான். 2023 செப்டம்பரில் அவன் வீட்டுக்குப் போனேன். பத்து நாள். இந்த முறை வேலை எதுவும் இல்லை. பதினைந்து வருஷத்தில் அந்தக் குழாய் வரிசை என்னவாயிற்று என்று பார்ப்பதுதான் திட்டம்.

முதல் மாலையே அவன் என்னை டப்ளினின் ஸ்டோனிபேட்டர் பகுதிக்குக் கூட்டிப்போனான். எல். மல்லிகன் க்ரோசர் என்ற பப். பெயரிலேயே இருக்கிறது, ஒரு காலத்தில் மளிகையும் மதுவும் ஒன்றாக விற்ற கடை. அயர்லாந்தில் அப்படிப்பட்ட கடைகள் ஊர் ஊருக்கு இருந்தன. 2010-இல் இதைப் புதிதாக எடுத்து நடத்தியவர்கள் கின்னஸ் குழாயைக் கழற்றிவிட்டு முழுக்கச் சின்ன ப்ரூவரிகளின் (பியர் காய்ச்சும் ஆலைகளின்) பியரை வைத்தார்கள். மெனுவைப் பழைய புத்தகங்களுக்குள் ஒட்டிக் கொடுத்தார்கள். நான் குழாய்களைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் கேட்காமலேயே இரண்டு சின்னக் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றி வைத்தார். "குடிச்சுப் பாருங்க, பிடிச்சா பைன்ட் போடுறேன்." 2008-இல் டப்ளினில் எந்தக் கவுன்டரிலும் எனக்கு இது நடக்கவில்லை. நடக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, எல்லாருக்கும் எல்லாமே தெரிந்த ருசி.

கூட்டம் குறைந்ததும் அவரிடம் குழாய் விஷயத்தைக் கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இங்கிலாந்தில் நிறைய பப்புகள் பெரிய கம்பெனிகளுக்கே சொந்தம். அயர்லாந்தில் பெரும்பாலும் ஒரு குடும்பத்துச் சொத்து. அப்படியானால் எதை வேண்டுமானாலும் விற்கலாமே என்று தோன்றும். ஆனால் கவுன்டரில் இருக்கும் குழாய், கீழே ஓடும் பைப், குளிரூட்டும் பெட்டி, அதைக் கழுவிச் சுத்தம் செய்ய வரும் ஆள், இதெல்லாம் பெரும்பாலும் பெரிய சப்ளையர் வழியாக வருவது. கவுன்டரின் நீளம் எட்டு அடி என்றால் எட்டு அடிதான். அதில் ஒரு குழாய் சின்ன ப்ரூவரிக்குப் போனால் இன்னொரு குழாய் போக வேண்டும். அந்த ஒரு குழாய்க்காக ஒரு ஆள் காய்ச்சுவதையும் பார்த்துக்கொண்டு, வேனையும் ஓட்டிக்கொண்டு, பப் பப்பாக ஏறி இறங்க வேண்டும். இதைக் கேட்ட பிறகு எந்த பப்பில் நுழைந்தாலும் என் கண் முதலில் குழாய்களை எண்ணியது.

சட்டமும் வரியும் கொஞ்சம் கை கொடுத்திருக்கின்றன. 2005-இல் சின்ன ப்ரூவரிகளுக்குக் கலால் வரியில் பாதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னாலேயே கார்லோவில் ஓஹாராஸ் ஸ்டவுட் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளில் தொடங்கி இன்றுவரை தாக்குப்பிடித்தவர்கள். 2006-இல் கால்வே ஹூக்கர் வந்தது. பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவில் அமெரிக்க வகையின் எலுமிச்சை வாசனையை ஐரிஷ் பப்புக்குள் கொண்டுவந்த பேல் ஏல், அதாவது வெளிர்நிறப் பியர். கால்வே விரிகுடாவில் ஓடும் பழைய பாய்மரப் படகின் பெயர் அதற்கு. 2012-இல் நாடு முழுக்கப் பதினைந்து அளவில் இருந்த சின்ன ப்ரூவரிகள் 2018-இல் எழுபதைத் தாண்டின. அதே 2018-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதுவரை ப்ரூவரியைச் சுற்றிப் பார்க்க வருபவருக்கு அங்கேயே ஒரு பைன்ட் விற்க வேண்டுமென்றால் முழு பப் லைசன்ஸ் வேண்டும். இப்போது அதற்கென்று தனி லைசன்ஸ் உண்டு. ஆனால் சுற்றிப் பார்த்தவர்களுக்கு மட்டும், காலை 10 முதல் மாலை 7 வரை மட்டும். ஏழு மணிக்குக் கடையைச் சாத்தினால் எந்த ஐரிஷ்காரர் வருவார்? பாதிக் கதவைத்தான் திறந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

டப்ளினில் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் நிறைய வரும் ஒரு பப். வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் "கிராஃப்ட்" என்று பெரிதாக எழுதியிருந்தது; சின்ன ப்ரூவரியில் காய்ச்சிய பியர் என்று அர்த்தம். உள்ளே ஆறு குழாய், ஆறு அழகான பெயர், மான் படம், மலைப் படம். எங்கே காய்ச்சியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நண்பன் போனில் தேடிப் பார்த்தான். ஆறில் நான்கு, பெரிய கம்பெனிகளின் ஆலையில் ஊற்றியது. பெரிய ஆலை நல்ல பியர் காய்ச்சக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பீப்பாயின் மேல் ஊர்ப் பெயரைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுப்பவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அன்றைக்குக் கோபம் அடங்க நேரமாயிற்று.

நான்காம் நாள் ரயிலில் தெற்கே கார்க் நகரத்துக்குப் போனேன். 2008-இல் ஒரு வார இறுதிக்கு அங்கே போயிருந்தபோது சவுத் மெயின் ஸ்ட்ரீட் முழுக்க மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வேகும் வாசனை. கஞ்சி கொதிக்கும் வாசனையோடு கொஞ்சம் வெல்லம் சேர்ந்தாற்போல. 1792-இல் தொடங்கிய பீமிஷ் அண்ட் க்ராஃபர்ட் ஆலையிலிருந்து வந்தது. அடுத்த வருஷமே ஆலையை மூடிவிட்டார்கள். ஹைனெகன் வாங்கி, காய்ச்சுவதை லேடிஸ் வெல் ஆலைக்கு மாற்றியது. இன்று பீமிஷும் அதன் பழைய எதிரி மர்ஃபிஸும் ஒரே கூரையின் கீழே காய்ச்சப்படுகின்றன. கார்க்காரர்கள் இன்னமும் ஒன்றைக் குடிப்பவர் மற்றதைத் தொடமாட்டேன் என்கிறார்கள்.

அந்தத் தெருவில் போய் நின்றேன். கறுப்பு மரச்சட்டங்கள் தெரியும் அந்த முகப்புக் கட்டடம் அப்படியே இருக்கிறது. பின்னால் காலி இடம். பெரிய அரங்கம் கட்டப்போவதாக வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கை இழுத்துப் பார்த்தேன். மழை ஈரமும் பஸ் புகையும்தான். ஒரு ஊரின் வாசனையை அடுத்த ஆலைக்கு மாற்ற முடியாது. என்னை அந்தப் பயணத்தில் ஆழமாக வருத்தியது இதுதான்.

லீ நதியைத் தாண்டி நார்த் மாலில் பிரான்சிஸ்கன் வெல். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவிகள் மடம் இருந்த இடத்தில், அவர்கள் கிணற்றின் பெயரில், 1998-இல் பப்பும் ப்ரூவரியுமாகத் தொடங்கினார்கள். 2013-இல் ப்ரூவரியை மோல்சன் கூர்ஸ் என்ற பெரிய பியர் கம்பெனி வாங்கிவிட்டது. பின்முற்றத்தில் பீட்ஸா அடுப்பு, நீள நீளமான பெஞ்சுகள், பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் ஊர்க்கதையைத் தானாகவே தொடங்கிவிடுவார். அவர்களுடைய ரெபெல் ரெட் என்ற பியர் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் தொடங்கியவர்கள் கையிலேயே இருந்திருக்கலாமே என்ற நினைப்பு கூடவே இருந்தது. வாங்கப்படுவது சின்ன ப்ரூவரிக்கு ஒரு விதத்தில் உயிர் பிழைக்கும் வழி. வேனில் ஏறி இறங்கிய ஆளின் முதுகுவலியைப் பார்க்காமல் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கார்க்கிலிருந்து மேற்குக் கடலோர ஊரான டிங்கிள். டிக் மாக்ஸ் பப்புக்கு எதிரே தேவாலயம். ஊரில் ஒரு பேச்சு உண்டு: "டிக் மாக்ஸ் எங்கே இருக்கு?" "சர்ச்சுக்கு எதிர்ல." "சர்ச் எங்கே?" "டிக் மாக்ஸுக்கு எதிர்ல." 1899-இலிருந்து இருக்கும் இடம். உள்ளே ஒரு பக்கம் மதுக் கவுன்டர், எதிர்ப்பக்கம் தோல் வேலைக் கவுன்டர், பெல்ட்டுகள் தொங்குகின்றன. பின்கட்டில் பழைய பால் கறக்கும் கொட்டகையைச் சின்ன ப்ரூவரியாக மாற்றியிருக்கிறார்கள். கல் சுவர், அதற்குள் பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகள். கவுன்டரில் கின்னஸ் குழாயும் இருக்கிறது, அவர்கள் காய்ச்சியதும் இருக்கிறது. என் பக்கத்தில் நின்ற மீனவர் முதலில் கறுப்பு, அடுத்த சுற்றுக்குச் சொந்தப் பேல் ஏல், அப்புறம் மறுபடி கறுப்பு என்று போய்க்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் அவருக்குச் சண்டை எதுவும் இல்லை.

மறுநாள் மாலை டாக்ஸி எடுத்துக்கொண்டு மேற்கே போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். அயர்லாந்தின் சொந்த மொழியான கெய்லிக் பேசும் பகுதி. வழியில் ஜன்னலெல்லாம் பலகை அடித்து மூடிய ஒரு பப் தெரிந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "எங்க அப்பா குடிச்ச இடம். லைசன்ஸை வித்துட்டாங்க. இப்போ டப்ளின் பக்கம் எங்கேயோ சூப்பர்மார்க்கெட்ல இருக்கும்." அயர்லாந்தில் புதிதாக மதுக்கடை திறக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு லைசன்ஸை வாங்கி அதை ஒழித்துவிட்டுத்தான் திறக்க முடியும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வாங்கலாம். கிராமத்துக் கதவு மூடினால் நகரத்தில் ஒன்று திறக்கும். 2005-இலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட பப்புகள் மூடிவிட்டன. 2011-இல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான அளவைக் குறைத்தார்கள்; அது சரியான காரியம். ஆனால் ராத்திரி பஸ் இல்லாத ஊரில், தனியாக வாழும் கிழவருக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையும் அதோடு போய்விட்டது என்று ஓட்டுநர் சொன்னார்.

ரியஸ்க் என்ற சிற்றூரில் டிக் வ்ரிக் என்ற பப். உடன் இருப்பது மேற்குக் கெர்ரி ப்ரூவரி. ஏட்ரியன் ஹெஸ்லின் என்ற பெண் 2008-இல் தொடங்கியது. நான் டப்ளினில் குழாயைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷம், நாட்டின் மறுகோடியில், தங்கள் கிணற்றுத் தண்ணீரில் இவர்கள் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். பியருக்குக் கெய்லிக்கில் "பியோர்" என்று பெயர். காரிக் துவ் என்றால் கறுப்புப் பாறை, அது அவர்களுடைய போர்ட்டர். நைட்ரஜன் கிடையாது. கைப்பம்ப்பை மூன்று முறை நிதானமாக இழுத்துக் கிளாஸை நிரப்பினார்கள். குளிர்ச்சி குறைவு, நுரையும் குறைவு. முதல் வாயில் வறுத்த பார்லி, அப்புறம் சாக்லேட்போல ஒரு கசப்பு, கடைசியில் கருப்பட்டியின் அடிநாக்கு இனிப்பு. நான் ஒன்றும் பேசவில்லை. கவுன்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

டாக்ஸி ஓட்டுநர் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு வயதானவர்கள் கெய்லிக்கில் அவரை ஏதோ கேட்க, அவர் மூடிக்கிடந்த அந்த பப்பின் பெயரைச் சொல்வது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. மூவரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. "அவசரம் இல்லையே?" என்று அவர் என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு பைன்ட்டுக்குக் கை காட்டினேன்.