தறி அறைக்கு ஆள் பார்த்தது

எங்கள் வீட்டு முன்னறையை நாங்கள் அறை என்று சொன்னதே இல்லை. தறி என்றுதான் சொல்வோம். "சாவி தறியில இருக்குது பாரு", "தறியில போய்ப் படு". சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தபடி அப்பா நாற்பது வருஷம் வெண்பட்டு வேட்டி நெய்தார். கண் மங்கியதும் தறியைப் பிரித்தார்கள். குழியில் செங்கல்லும் ஜல்லியும் கொட்டி மேலே காவித்தரை போட்டோம். அவர் போன பிறகு நாலு வருஷம் அறை பூட்டியே கிடந்தது.

இப்போது வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு 62, அம்மாவுக்கு 86. நான் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள், பென்ஷன் வருகிறது. போன கார்த்திகையில் ராத்திரி ஒரு மணிக்கு அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். தனியாகத் தூக்க முடியாமல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், தறியை வாடகைக்கு விடுவதென்று. எனக்கு வேண்டியது வாடகைப் பணத்தைவிட ராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து வருகிற ஒரு ஆள்.

கேட்டில் டூலெட் அட்டையை மாட்டினேன். 'ஒரு அறை, தனி வாசல், தனி பாத்ரூம், பெண்களுக்கு மட்டும்.' பெண்களுக்கு மட்டும் என்று எழுதியும் முதல் ஐந்து போன் ஆண்களிடமிருந்துதான். அதில் ஒருவர் கூரியர் கம்பெனிப் பையன்களுக்காகக் கேட்டார். இரண்டு பேர் என்று ஆரம்பித்துப் பேசி முடிப்பதற்குள் நாலு பேர் ஆகிவிட்டது. இன்னொருவர் மூன்று லட்சம் தருகிறேன், போக்கியத்துக்கு விடுங்கள் என்றார். மொத்தமாக வாங்கினால் மொத்தமாகத் திருப்பித் தரவேண்டும். அந்தக் கவலையோடு என்னால் தூங்க முடியாது.

புரோக்கர் ஒருவர் தானாகவே வந்தார். ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். "அட்வான்ஸ் ஆறு மாசம் கேளுங்கம்மா, அம்மாபேட்டையில தருவாங்க" என்றார். தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. வாடகை 4,500, அட்வான்ஸ் 13,500 என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். சம்பளத்துக்கு இருக்கிற ஒரு பெண் ஆறு மாத வாடகையை எங்கே போய்ப் புரட்டுவாள்?

பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஒவ்வொரு ஆள் வந்து போன பிறகும் வாசலில் வந்து நிற்பார். "என்ன ஆளுங்கன்னு கேட்டியா?" கேட்கவில்லை என்பேன். "கேக்காம எப்படி வீட்டுக்குள்ள விடறது?"

எப்படி விடுவதென்று எனக்குத் தெரியும். 1986-ல் வேலையில் சேர்ந்தபோது முதல் போஸ்டிங் நாமக்கல். அப்போது அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. எனக்கு 23 வயது. ஒரு பெட்டி, ஒரு பாயோடு வீடு தேடினேன். ஏழு வீடு ஏறி இறங்கினேன். கல்யாணம் ஆகாத பெண் தனியாக எதற்கு என்று மூன்று வீட்டில் கேட்டார்கள். மற்ற நாலு வீட்டில் முதல் கேள்வியே சாதிதான். ஒரு வீட்டம்மா நான் பதில் சொன்னதும், குடிக்கத் தந்திருந்த தண்ணீர் டம்ளரை நான் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தத் திண்ணையும் டம்ளரும் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கின்றன. என் வாசலில் ஒருத்தியை அப்படி நிறுத்தமாட்டேன்.

அதனால் நான் கேட்டதெல்லாம் வேறு. எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவாய், அறையில் சமைப்பாயா, பார்க்க யார் வருவார்கள், எங்கே வேலை. வேலை செய்யும் இடத்து அடையாள அட்டையும் ஆதார் நகலும் கேட்டேன், அங்கே ஒருவரிடம் போனில் பேசவும் செய்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கும் என்னைப் பற்றி விசாரிக்க உரிமை உண்டென்று சொல்லி, எதிர்வீட்டு அக்காவின் நம்பரைக் கொடுத்தேன்.

இந்த வீட்டுக் குறைகளையும் நானே முதலில் சொல்லிவிடுவேன். நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும், மற்ற நாளில் போர் தண்ணி. பின்தெருவில் விசைத்தறி, பகலெல்லாம் தடதடவென்று ஓடும். ஆடி மாதம் பிறந்தால் மாரியம்மன் பண்டிகை மைக் செட், குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை முடிகிறவரை ஊருக்கே தூக்கம் கிடையாது. பழைய குழி இருந்த மூலை மழைக்காலத்தில் ஓதம் ஏறும்.

காலேஜ் லெக்சரர் ஒருவர் எல்லாம் பிடித்திருக்கிறது, ஏசி மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்றார். நல்ல பெண்தான். ஆனால் மீட்டர் ஒன்று. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்கும் ரேட் கூடிவிடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டைப் பிரிக்கலாம், கூடிப்போன ரேட்டை எந்தக் கணக்கில் பிரிப்பது? மாதாமாதம் ஒரு மனஸ்தாபம் வேண்டாமென்று விட்டேன்.

பதினான்காவதாக வந்தவள் அரூர்ப் பக்கத்துப் பெண். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை டியூட்டி, வீடு வந்து சேர பத்தே முக்கால் ஆகும் என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். இதனாலேயே இரண்டு இடத்தில் தரமாட்டேன் என்றார்களாம். நான் ஓத மூலையைக் காட்டியபோது மற்றவர்கள் போல் தலையாட்டிவிட்டு நகரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். "இங்க மட்டும் சத்தம் வேற மாதிரி கேக்குதும்மா, கீழ என்ன இருக்கு?" தறிக்குழி என்றேன். "அப்ப கட்டில இந்தப் பக்கம் போட்டுக்கறேன்." விசைத்தறிச் சத்தம் பற்றிச் சொன்னதற்கு, எங்க வீட்டுக்குப் பக்கத்துல ரைஸ் மில்லுங்கம்மா என்றாள். பிறகு அவள் கேட்டாள்: "பாட்டி எத்தன மணிக்குத் தூங்குவாங்க? கேட்டு ரொம்பக் கிறீச்சுங்குது."

எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பத்தே முக்கால் என்பது உறுத்தியது. தெரு பேசும், சித்தப்பா பேசுவார். இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆடர் அவசரம்னா உங்கப்பா ராத்திரி பன்னண்டு மணிக்கும் தறி ஓட்டுனாரு, கதவு தொறந்துதான் கெடந்துச்சு. அப்ப எந்த நாயி பேசுச்சு? அந்தப் புள்ளையும் வேலைக்குத்தான போவுது."

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டோம். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாமென்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். புதிய சட்டத்தில் அப்படியில்லை, வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும், ஆன்லைனிலேயே முடிந்தது. சொல்லாமல் அவள் அறைக்குள் நான் போவதில்லை என்பதையும் ஒரு வரியாக எழுதச் சொன்னேன். கூப்பிட்டால் ராத்திரியில் வரவேண்டும் என்பதை எழுதவில்லை. அதை வாயால் கேட்டேன். "இதெல்லாம் கேக்கணுமாம்மா" என்றாள்.

தை பிறந்து வந்தாள். பங்குனியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் அவள்தான். ஆடியில் மைக் செட்டுக்குப் பயந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினாள். சித்தப்பா இப்போது தன் சுகர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவள் கிளம்புகிற நேரம் பார்த்து வாசலுக்கு வருகிறார்.

ஐப்பசி மழையில் அந்த மூலை நான் சொன்னதைவிட மோசமாக ஊறிவிட்டது. துணிப்பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறாள். கொத்தனார் வந்து பார்த்து, மேலே பூசினால் நிற்காது, குழியை முழுக்கத் தோண்டி எடுத்துத் திரும்ப நிரப்பவேண்டும் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து, தோண்டும்போது தானும் இருக்கவேண்டும், தாத்தா உட்கார்ந்த குழியைப் பார்க்கவேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. கொத்தனாரை அன்றைக்கே வரச்சொல்லியிருக்கிறேன்.