நள்ளிரவு வரை செல்லும் பில்

“தம்பி, இந்த பில் நாளைக்குத் தாங்குமா என்று கொஞ்சம் பாருங்கள்.”

சங்ககிரி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த இ-வே பில்; சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு. முழுக்க ஆங்கிலம். முடியும் தேதி எங்கோ நடுவில், பொடி எழுத்தில்.

கிரீஸ் படிந்த கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் திரையைத் தொட்டார். அப்படியும் அது நகர மறுத்தது.

இன்று நள்ளிரவோடு முடிகிறது.

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்திலோ, முடிந்த பிந்தைய 8 மணி நேரத்திலோ நீட்டித்துக்கொள்ளலாம். அதைச் செய்வது டிரான்ஸ்போர்ட் அலுவலகம். ஆனால் கெடுவைக் கவனித்து அவர்களை எழுப்ப வேண்டியவர் யார்? கெடு முடிந்த பில்லோடு சோதனையில் சிக்கினால் அபராதம் சரக்கின் வரியைப் போல இரண்டு மடங்காகவும் இருக்கலாம். அது தீரும்வரை வண்டியோடு சாலையோரம் கிடப்பதும் இவர்தான்.

2018 ஏப்ரலில் இ-வே பில். 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். தாள்கள் எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. இந்த அண்ணனுக்கு அதைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தது கிளீனர் பையனாம்!

டிரைவர்களுக்கு இதில் பயிற்சி வேண்டும். பயிற்சி என்றதும் ஏசி அறை, திரையில் படம், மதியச் சாப்பாடு என்று தொடங்கிவிட வேண்டாம். லோடு ஏற்ற மணிக்கணக்கில் காத்திருக்கும் இடத்திலேயே, அவரவர் கைப்பேசியில், அன்றைய பில்லையே வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்தால் இன்னும் நல்லது.