ஹட்டன் பக்கம்

கொழும்பில் யாராவது "சொந்த இடம் எது?" என்று கேட்டால் என்னிடம் பல வருடங்களாக ஒரே பதில்தான் இருந்தது: "ஹட்டன் பக்கம்." இந்தப் 'பக்கம்' மலையகத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்து அதில் எந்த டிவிஷன், அப்புறம் லயமா, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடா, அப்புறம் அப்பா என்ன வேலை என்று பேச்சு ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டு போகும். பக்கம் என்று சொல்லிவிட்டால் அதோடு நின்றுவிடும்.

2022இல் வேலை போனபோது நான் தயாரித்த சுயவிபரக் கோவையிலும் தோட்டத்தின் பெயர் இல்லை. முகவரி என்ற இடத்தில் வெள்ளவத்தையில் கூட்டாளி ஒருவன் தங்கியிருந்த போர்டிங்கைப் போட்டேன்.

அதற்கு முன் ஏழு வருடம் ஒரு விநியோகஸ்தரிடம் சேல்ஸ் ரெப். பிஸ்கட், சவர்க்காரம், ஷாம்பு பக்கற். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என் பாதை. அந்த வருடம் டீசல் வரிசையில் லொறி இரண்டு நாள் நிற்கும், ஒரு நாள் ஓடும். முதலாளி இரண்டு பாதைகளை ஒன்றாக்கினார். ஒன்றானதில் காணாமல் போனது என் பாதை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கடைசிச் சம்பளத்தைச் சொன்ன திகதியில் கொடுத்தார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கொமியூனிகேஷன் கடையில் சுயவிபரக் கோவையை நாற்பது பிரதி அடித்தேன். கடைப் பையன், "எல்லாம் ஒரே கொப்பிதானே அண்ணே?" என்று கேட்டான். ஒரே கொப்பிதான் என்று கொஞ்சம் பெருமையோடே சொன்னேன். உள்ளே என்ன இருந்தது? கடின உழைப்பாளி. குழுவாக இயங்கும் திறன். அழுத்தத்தின் கீழ் பணியாற்றக்கூடியவர். பின்னால் சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை நற்சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ். வங்கி, காப்புறுதி, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, மருந்துக் கம்பனி என்று கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் அனுப்பினேன். அரசாங்க வேலைகள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் விடவில்லை. நாற்பதும் தீர்ந்து இன்னும் கொஞ்சம் அடிக்க வேண்டியதாயிற்று. பதில் வந்தது இரண்டு.

வெட்கம் என்னவென்றால், நான் சந்தைப்படுத்தல் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்குப் போய் டிப்ளோமா முடித்தவன். 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி சொன்ன நான்கு 'பி'க்களை, புரொடக்ட், பிரைஸ், பிளேஸ், புரொமோஷன், அதாவது பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்று தூக்கத்திலும் ஒப்பிப்பேன். மாதக் கடைசியில் பெரிய சவர்க்காரக் கட்டியை லயத்துக் கடையில் இறக்கக்கூடாது, பக்கற்தான் ஓடும் என்று புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் என்னையே கொண்டுபோய் விற்க வேண்டி வந்தபோது இதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அதை எடுத்துக் காட்டியவர் அப்பா. தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் சலிக்கும் பகுதியில் முப்பது வருடம் நின்றவர், இன்றைக்கும் இருமினால் நெஞ்சில் தூள் இருக்கும். நான் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்ததை ஒரு மாலை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாருக்கும் ஒன்னுதானா?"

"ஆமாப்பா."

"ஒரே சாக்குல அள்ளிப் போட்டு அனுப்புனா எவன்டா வாங்குவான்?"

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள பெக்டரிக்குள் ஒருமுறை போய் வரவேண்டும். கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து முடித்தாலும் தேயிலை விற்பனைக்குத் தயாரில்லை. பெரிதும் சிறிதும் காம்புமாகக் கலந்து கிடக்கும். சல்லடை சல்லடையாகக் கடந்த பிறகுதான் பி.ஓ.பி., அதைவிடச் சிறிய பி.ஓ.பி.எஃப்., தூளான டஸ்ட் என்று பிரியும். வெளியே பலர் இந்தப் பெயர்களை முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று நினைக்கிறார்கள். அவை இலைத் துணுக்கின் அளவைச் சொல்பவை, அவ்வளவுதான். டஸ்ட் என்றால் குப்பை இல்லை. சீக்கிரம் கறுத்து இறங்கும், கடுப்பாக இருக்கும், தேநீர்க் கடைக்காரனுக்கு அதுதான் வேண்டும். நீளச் சுருளாக இருக்கும் தாழ்நிலத் தேயிலையை மத்திய கிழக்கில் விரும்பிக் குடிக்கிறார்கள். எல்லாம் செடியிலிருந்து வந்த கொழுந்துதான், வாங்குபவன்தான் வேறு வேறு.

அன்று இரவு என் ஏழு வருடத்தையும் சலித்துப் பார்த்தேன். வங்கிக்கு உதவாதவை ஒரு பக்கம், ஹோட்டலுக்கு உதவாதவை இன்னொரு பக்கம். கடைசியில் சல்லடையில் நின்றது ஒரே ஒரு விஷயம், அதுவும் சுயவிபரக் கோவையில் எழுதாத விஷயம்.

கொழும்புக் கம்பனிகளுக்கு விற்பனை மாதம் முப்பதாம் திகதி முடியும். கடைசி வாரத்தில் ரெப்புகளை விரட்டுவார்கள், இலக்கை முடி, சரக்கை இறக்கு என்று. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. மாதக் கடைசியில் லயத்துக் கடைக்காரரின் கடன் கொப்பிதான் தடிக்கும், கல்லாவில் காசு இருக்காது. அந்த வாரம் திணித்த சரக்குக்குக் கொடுக்கும் காசோலை திரும்பி வரும், அல்லது பிஸ்கட் காலாவதியாகித் திரும்பி வரும். நான் எட்டு, ஒன்பதாம் திகதிகளில் சரக்கை இறக்கி, பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் வசூலை முடித்துவிடுவேன். மாதக் கடைசியில் பக்கற் மட்டும். இதற்காகக் கூட்டங்களில் ஏச்சு வாங்கியிருக்கிறேன், 'கடைசி வாரம் படுத்துக் கிடக்கிறான்' என்று. ஆனால் என் பாதையில் வராக் கடன் என்று பெரிதாக எதுவும் கிடையாது.

'அழுத்தத்தின் கீழ் பணியாற்றக்கூடியவர்' என்ற வரியை அழித்துவிட்டு இதை எழுதினேன். நான்கு வரி. என்னைப் பற்றிய வார்த்தை அதில் கிட்டத்தட்ட இல்லை. மலையகத்தில் சரக்கு இறக்கிக் காசு வாங்க முடியாமல் தவிக்கும் கம்பனியின் தலைவலியைப் பற்றியே இருந்தது. பிறகு அப்படிப்பட்ட தலைவலி யாருக்கு இருக்கிறது என்று தேடினேன். எங்கள் நகரங்களின் கடைகளில் ஏறி இறங்கி, எந்தச் சரக்கு தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது என்று பார்த்துப் பெட்டியில் இருந்த கம்பனிப் பெயரைக் குறித்துக்கொண்டேன். ஆறு பெயர் கிடைத்தது. விளம்பரம் போட்டிருக்கிறார்களா இல்லையா என்று பார்க்கவில்லை.

அந்த நான்கு வரியை எழுதியதும் ஒரு சிக்கல். மஸ்கெலியா தோட்டக் கடைகளின் சம்பள நாள் வரை தெரிந்த ஒருவன் வெள்ளவத்தையில் இருந்து எப்படி எழுதுவான்?

முகவரியை மறைத்ததற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை. தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது நம் லயத்துப் பக்கம் வந்தால் கூடவே வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் நான்கு நாள் பிந்தி என் கைக்கு வந்தது. அம்மா அதை இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை. நான்கு 'பி'யில் 'இடம்' என்பதை விரிவுரையாளர் லொறியும் களஞ்சியமும் போட்டு விளக்கினார். எனக்கு அது அந்தக் கடிதம்தான். சரக்கு நன்றாக இருந்தும் வாங்க வந்தவனுக்குக் கடை மூடியிருக்கிறது.

ஆனாலும் கூச்சமும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோசித்தால் வேடிக்கை. தேயிலைச் சாக்கில் தோட்டத்துப் பெயரைத்தான் அச்சடிக்கிறார்கள். அதற்குப் பெயரே மார்க். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனாவால் கணினிக்கு மாறிய பிறகும், அந்த மார்க்கை வைத்துத்தான் நடக்கிறது. 1890இல் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்று சொல்லியே விற்றார். இன்றைக்கும் பக்கற்றில் சிங்க இலச்சினை போட வேண்டுமென்றால் உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், பொதி செய்ததும் இங்கேயே இருக்க வேண்டும். பிறந்த இடத்துக்கு உலகம் இத்தனை மரியாதை கொடுக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் பிள்ளை நான், முகவரியில் போர்டிங்கைப் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

தோட்டத்தின் பெயரை முழுதாக எழுதினேன், டிவிஷனையும் சேர்த்து. கடிதத்தை நம்பாமல் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் மேலே போட்டேன்.

விலை விஷயத்தில் பாடம் சொன்னது நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. முதலில் வந்த இரண்டு அழைப்புகளில் ஒன்றில், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு "ஏதோ குடுக்கிறதக் குடுங்க சேர்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதைக் கேட்டதும் அக்கா பாக்கிக் கொப்பியை மூடினார். "நீங்க பாதி விலைக்கு பிஸ்கட் கொண்டாந்தா நான் மொதல்ல என்னா பாப்பேன் தம்பி? காலாவதித் திகதியத்தான் பாப்பேன்."

இன்னொன்றும் செய்தேன். ஏலத்துக்கு முன்பே வாங்குபவர்களுக்கு மாதிரி போய்விடும், சுவைத்துப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. அதனால் ஆறு கம்பனிக்கும் சுயவிபரக் கோவையோடு ஒரு தாள் சேர்த்தேன். அவர்களுடைய சரக்கு எங்கள் பாதையில் எந்த ஊரில் இல்லை, எந்த வாரம் போனால் காசோடு திரும்பலாம், மழைக்காலத்தில் எந்தத் தோட்டத்து ரோட்டில் லொறி ஏறாது, ஓட்டோதான் போகும். கடைகளின் பெயரைப் போடவில்லை. அவை பழைய முதலாளியின் வாடிக்கை, அதைத் தூக்கிக்கொடுத்து வேலை வாங்குவது சரியாகப் படவில்லை.

ஆறில் மூவர் அழைத்தார்கள். கண்டியில் நடந்த ஒரு நேர்முகப் பரீட்சையில் பிராந்திய முகாமையாளர், மாத்தளைக்காரர், சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. அந்தத் தாள் மேசையில் இருந்தது, இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். "பத்தாம் திகதிக் கதையச் சொல்லுங்க தம்பி" என்றார். முக்கால் மணித்தியாலம் பேசினோம். சம்பளத்துக்கு ஒரு தொகை சொன்னேன், கொஞ்சம் குறைத்தார், பெற்றோலுக்குத் தனியாகத் தருவதாகச் சொன்னார். 2023 ஜனவரியில் சேர்ந்தேன். மேற்கு மலையில் குளிர்காற்று வீசி எங்கள் டிம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறும் காலம்.

இதை வைத்து உன்னையே ஒரு பிராண்ட் ஆக்கு என்று பேசும் ஆட்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஏலத்தில் விலை படியாவிட்டால் தேயிலையைத் திரும்ப எடுத்து இன்னொரு வாரம் போடலாம். வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் அப்படித் தள்ளிப்போடக் கூடியவை அல்ல. என்ன சலித்தாலும் சில கதவுகள் பெயரைப் பார்த்தும் சிங்களம் எவ்வளவு வரும் என்று பார்த்தும் மூடும். என் கூட்டாளி ஒருவன் என்னைவிடக் கெட்டிக்காரன், இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான், இப்போது கட்டாரில் இருக்கிறான்.

போன மாதம் ஒரு ரெப்பை எடுப்பதற்காக என்னையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புதுச் சேர்ட், மடிப்புக் கோடு அப்படியே தெரிந்தது. கடின உழைப்பாளி, குழுவாக இயங்கும் திறன். முகவரி தெஹிவளை.

"சொந்த இடம் எது தம்பி?"

"தலவாக்கலைப் பக்கம் சேர்."

"பக்கம்னா?"

கொஞ்சம் தயங்கிவிட்டுத் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். எனக்குத் தெரிந்த பெயர்தான், அப்பா வாயில் அடிக்கடி வரும். ஏலத்தில் அந்த மார்க்குக்கு நல்ல விலை உண்டு, தெரியுமா என்று கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை.