கறுப்பைக் கைவிடாத ஓவியர்

காட்டோரம் அமர்ந்து தீட்டிக்கொண்டிருக்கும் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனேவை, உருவப்படங்களுக்குப் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1885 வாக்கில் ஒரு சிறிய எண்ணெய் வண்ணப் படமாகத் தீட்டினார். விரைவான தீற்றல்கள், முடிக்காமல் விட்டதுபோன்ற புல்வெளி என எல்லாமே மொனேயிடமிருந்து கற்றவை. ஆயினும் மொனே அவரை முழு இம்ப்ரஷனிஸ்டாக, அதாவது கணநேர ஒளியை வண்ணத் தீற்றல்களாலேயே பிடிக்கும் தம் வகை ஓவியராக, ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து தீட்டிய ஒரு நாளில் சார்ஜென்ட் கறுப்பு வண்ணம் கேட்டதாகவும், தம்மிடம் அது இல்லை என்று மொனே சொன்னதும் திகைத்துப்போனதாகவும் ஒரு கதை உண்டு.

அந்தத் திகைப்பு எனக்கு முழுமையாகப் புரிகிறது. பாரிஸில் சார்ஜென்ட்டின் ஆசிரியராக இருந்த கரோலுஸ்-துராங், பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸை முன்மாதிரியாகக் காட்டியவர். கோட்டுருவத்தை நுணுக்கமாக வரைந்து நிரப்புவதை விட்டுவிட்டு, நேரடியாகத் தூரிகையால் முகத்தின் ஒளியையும் நிழலையும் தளம் தளமாக வைக்கச் சொன்னவர். முகம் அப்படித்தான் அடையாளம் காணப்படுகிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திலும் நம் தாத்தாவை நாம் அறிந்துகொள்கிறோம். ஆனால் அந்திநேரத் தோட்டம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கினால், தோட்டம் எஞ்சும், அந்தி போய்விடும். முகத்துக்கு நிழலின் அளவு தவறக்கூடாது. இயற்கைக்கு வண்ணத்தின் உறவு தவறக்கூடாது.

இவ்விரண்டையும் ஒரே கித்தானில் நிறுத்த அவர் பட்ட பாடுதான் 'கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்'. இங்கிலாந்தின் பிராட்வே கிராமத்துத் தோட்டத்தில், வெள்ளை உடை அணிந்த இரண்டு சிறுமிகள் காகித விளக்குகளை ஏற்றுகிறார்கள். பகலின் கடைசி ஒளியும் விளக்கின் முதல் ஒளியும் சமமாக நிற்கும் அந்தச் சில நிமிடங்களே அவருக்கு வேண்டியிருந்ததால், ஒவ்வொரு மாலையும் சில நிமிடங்கள் மட்டுமே தீட்டினார். 1885இன் இலையுதிர்காலத்தில் மலர்கள் வாடியபோது செயற்கை மலர்களைச் செடியில் வைத்துத் தொடர்ந்தார். படம் முடிய 1886 ஆயிற்று. ஒரு கணத்தைப் பிடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளின் மாலைகள்! புல்லும் பூக்களும் அருகில் சென்றால் வெறும் தீற்றல்களாகக் கரைகின்றன. சிறுமிகளின் முகங்களோ கரையவில்லை. விளக்கொளி கன்னத்தில் எங்கே திரும்புகிறது என்பது பழைய பள்ளியின் கண்டிப்போடு தீட்டப்பட்டிருக்கிறது. கறுப்பைக் கேட்ட மனிதர் அங்கேதான் இருக்கிறார்.

இதை அறியாமல் நானும் ஒருமுறை விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் அமர்ந்திருந்த அப்பத்தாவை ஊதாவும் ஆரஞ்சுமாகப் புள்ளி வைத்துத் தீட்டினேன். சுவரில் விழுந்த ஒளி நன்றாகவே வந்தது. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்தம்மா?" என்றார் அப்பத்தா.

சார்ஜென்ட்டின் புகழ்பெற்ற உருவப்படங்களிலும் இதே பங்கீடுதான். 1892ஆம் ஆண்டின் 'லாக்னாவின் சீமாட்டி ஆக்னியூ' படத்தில் நம்மை நேராகப் பார்க்கும் முகம் உறுதியாக நிற்க, இடையில் கட்டிய ஊதாப் பட்டையும் வெண்பட்டு உடையும் தூரிகையின் வேகத்திலேயே விடப்பட்டிருக்கின்றன. எதை முடிக்காமல் விடுவது என்பதில்தான் அவருடைய தேர்ச்சி என்று நினைக்கிறேன்; அவரைப் பின்பற்றுவோர் பெரும்பாலும் தீற்றலின் துள்ளலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

1907 வாக்கில், பணம் பெற்று உருவப்படம் தீட்டுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். ஆனாலும் அவரை விடாதவர்களுக்குக் கரித்துண்டால் தலையை மட்டும் வரைந்து கொடுத்தார். கோடைகளில் வெனிஸுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நீர்வண்ணப் பெட்டியோடு போனார். அந்த மலைப் படங்களில் உறவினர்களும் நண்பர்களும் குடைகளுக்கு அடியில் புல்லில் படுத்து உறங்குகிறார்கள். தம்மைப்போலவே இருக்கிறதா என்று கேட்க அங்கே எவரும் விழித்திருக்கவில்லை; முகங்களின்மேலும் வெயில் புல்லின்மேல் விழுவதைப்போலவே விழுந்து கிடக்கிறது.