மாடித் தொட்டி: மார்ச் 2025

மார்ச் 4, செவ்வாய்
சைனா ஆரஞ்சு பூத்துவிட்டது. மாடிப்படி வரைக்கும் வாசனை. ஏழு மணிக்கு அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், நாலு மணி நேரம்.

மார்ச் 6, வியாழன்
தரையெல்லாம் பூ. நூறு பூத்தால் ஒன்றிரண்டு காயாகும், இந்த ஜாதிக்கே அப்படித்தான். தெரிந்தும் பெருக்கித் தள்ள மனசில்லை.

மார்ச் 9, ஞாயிறு
தளிர் இலை வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கிறது; எங்கள் போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு, வேரை எடுக்கவிடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேர் எடுக்கக்கூடிய வடிவில் வரும் செலேட் இரும்பு வாங்கிக் கரைத்து ஊற்றினேன். வெளுத்த இலையைப் பார்த்துப் பயனில்லை, இனி வரும் தளிர்தான் சொல்லவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்
அப்பாவுக்கும் இரும்பு ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 8.4.

மார்ச் 13, வியாழன்
தண்ணீர்ச் சண்டை. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். "செடிக்கு மட்டும் வாளி வாளியா ஊத்துற" என்றார். தினமும் இல்லைப்பா, மேல்மண் காய்ந்தால்தான். ஊற்றினால் அடி ஓட்டையில் வடியுற வரைக்கும் ஊத்தணும், இல்லாட்டி உப்பு தங்கிடும் என்றேன்.
"எனக்கும் அடியில ஒரு ஓட்டை போட்டு விட்டுடேன்."
சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அரை டம்ளர் கூடக் கொடுத்திருக்கலாமோ? காலையில் எடை வேறு இரண்டரை கிலோ ஏறியிருந்தது. கொடுத்திருக்கக் கூடாது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது.

மார்ச் 16, ஞாயிறு
இலையில் காக்கா எச்சம். எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சிப் புழு! கொல்லவில்லை. கறிவேப்பிலையில் கொண்டுபோய் விட்டேன், அதுவும் இதே குடும்பம்தானே, தின்னட்டும்.

மார்ச் 20, வியாழன்
ஒன்றும் இல்லை. தூக்கம்.

மார்ச் 22, சனி
செடியில் மிளகு அளவில் காய். அப்பாவுக்கு பொட்டாசியம் 5.9. வாழை, இளநீர், ஆரஞ்சு கூடவே கூடாது. நர்சரியில் இந்தச் செடியைத் தேடி எடுத்ததே அவர்தான். "புளிப்புப் பழம், எவன் தின்பான்?" என்று இப்போது சொல்கிறார்.

மார்ச் 29, சனி
அட்மிஷன். மாடிச் சாவி அக்காவிடம். மோர் மட்டும் ஊத்தாதீங்கக்கா என்று இரண்டு தடவை சொன்னேன்.