மாமாவின் பெர்மிட்

மாமா சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போய் 13 வருடம். அடிப்படைத் திறன் வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) இருக்கும் இந்தியத் தொழிலாளி 14 வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்ய முடியாது என்பது பழைய விதி. "அடுத்த வருசம் பெட்டி கட்டணும்டா" என்பார். 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பு போய்விட்டது. வயது வரம்பும் 60இலிருந்து 63 ஆனது.

அத்தையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "சரி, அப்ப இன்னும் எத்தனை வருசம் இப்படியே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வொர்க் பெர்மிட்காரர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அது மட்டும் மாறவில்லை.

ஏஜெண்டுக்காக வாங்கிய கடனை அடைக்கவே மாமாவுக்கு இரண்டு வருடம் போனது. ஊருக்கே வீடு கட்டுகிற மனுஷன் டார்மிட்டரியில் படுக்கிறார். வருடங்களை நீட்டியவர்கள் குடும்பத்துக்கும் வழி விட வேண்டும்.